எதிலும் சேர்த்தியில்லாத மரம்

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்த புதன்கிழமை காலை, தாவரத் தோட்டத்துப் பிசின் மரங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றன. எல்லாம் அவரைக் குடும்பத்து மரங்கள். பட்டையைக் கீறினால் தேன் நிறத்தில் பிசின் வடியும். நூறு வருஷமாக ஒரே பேரினம் என்று எண்ணப்பட்டவை. பூவையும் காயையும் பார்த்தால் இரண்டு என்று எழுதியவர் தோட்டத்து ஆய்வாளரம்மா. ஒன்பது மரங்கள் குளத்துப் பக்கமும் ஏழு வேலிப் பக்கமும் போனதில், முந்தின வாரம் புதைத்த தண்ணீர்க் குழாய் நாலு இடத்தில் உடைந்தது. குழாய் புதைத்தவர் தோட்ட மேற்பார்வையாளர், அந்த அம்மாவின் கணவர். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடிப் போனார்.

பதினேழாவது மரம் மட்டும் அசையவில்லை. யார் பார்க்கவும் அது பூத்ததில்லை. பூவில்லாமல் எதில் சேர்ப்பது? 'இடம் தெரியவில்லை' என்று அம்மா எழுதியிருந்தார். அந்த வருஷமே அதன் பிசின் வற்றியது. அடுத்த வருஷம் ஒரு பக்கத்து இலையெல்லாம் கொட்டிப்போனது.

கணவருக்கு மனசு கேட்கவில்லை. "ஏதோ ஒண்ணுல சேத்துவிடேன், பாவம்."

"தெரியாததைத் தெரியும்னு எழுதச் சொல்றீங்களா?"

"அப்ப சாகட்டும்னு விட்டுடவா?"

அதன் பிறகு எட்டு மாதம் இருவரும் சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதற்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் அம்மா அந்த மரத்தை வேலிப் பக்கத்து மரங்களோடு சேர்த்து எழுதினார். மை காய்வதற்குள் தாளைக் கிழித்துப் போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. கணவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வருஷம் பூத்தது, மொத்தமே மூன்று பூ. கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அம்மா மேலே ஏறி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டுலயும் இல்லைங்க. இது தனி."

"தனின்னா?"

"இதுக்கு வேற யாருமே இல்ல."

கணவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். ஏணியை விடவில்லை.

புதுப் பேரினத்துக்குப் பெயர் வேண்டும். அம்மா யாரையும் கேட்காமல் கணவரின் பெயரை வைத்துக் கட்டுரையை அனுப்பிவிட்டார். அது வெளியான காலையில் மரம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது, பட்டையெல்லாம் புதுப் பிசினோடு. கூரையில் ஓடுகள் போயிருந்தன.

"இது ஏன் இங்க வந்துச்சு?"

"உங்க பேரைத்தான் வெச்சேன்."

அவர் மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டுத் தரைக்கல்லைப் பெயர்த்துப் பாத்தி கட்டினார்.

அடுத்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டில் மூன்று பேர் என்றார் கணவர். வந்தவர் கூடத்து மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "வயசு?"

"நூத்திருபது இருக்கும்."

"வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல, வீட்டோடதான்."

வந்தவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.