பட்டன் வராத ஒட்டு

1

இந்தக் கதை என் மனைவியின் சாப்பாட்டுப் பையிலிருந்து வந்தது. வேலை முடிந்து வந்தவள் பையை மேசையில் கவிழ்த்தாள். காலி டப்பாவோடு இரண்டு தகட்டுத் துண்டுகள் விழுந்தன. ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. "இது ரெண்டும் காலையில ஒண்ணா இருந்துச்சு," என்றாள். அதோடு சரி, முகம் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அவள் பேசாமல் போனால் குற்றவாளி நான்தான். இந்த முறை நான் இல்லை. அந்த நிம்மதியில் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "வேறு வேறு குணம் கொண்ட இரண்டு உலோகங்கள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து—"

பின்னால் நின்று படித்தவள், ரெண்டு உலோகம் என்றதும் நான் காதல் கல்யாணத்துக்குப் போய்விடுவேன் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்றாள். வரியை அடித்தேன். அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நான் மூட்டை தூக்கி வளர்ந்தவன். உவமை பாரம் தாங்காது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: அந்தப் பட்டறையில் தீ இல்லை.

இது நிற்கும். மேலே போகலாம்.

தீ இல்லை, பொறி இல்லை, புகை இல்லை. இரும்புத் தகட்டின் மேல் அலுமினியத் தகட்டை வைக்கிறார்கள். மேலேயிருந்து விரல் தடிமனில் ஒரு முனை, சுழன்றுகொண்டே இறங்கி அழுத்துகிறது. உராய்வில் அலுமினியம் சூடேறி இளகுகிறது, உருகுவதில்லை. முனை அதைக் கலக்கிவிட்டு, ஒரு மூச்சு நேரம் நின்று, மேலே போய்விடுகிறது. நின்ற இடத்தில் சின்னக் குழி. ஒட்டு முடிந்தது.*

* அந்த ஒரு மூச்சுதான் கதை. முனை அதிகம் நின்றால் இரண்டு உலோகமும் கலந்து நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் தடிக்கும். மெல்லிசாக இருக்கும்வரை அது பிடிக்கும். தடித்தால் கண்ணாடி மாதிரி விட்டுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

3

இயந்திரத்தில் நிற்பவர் என் சகலை, மனைவியின் அக்கா புருஷன். ஆயுளில் பாதியை ஆர்க் வெல்டிங்கில் கழித்தவர். இனியும் அந்த வெளிச்சத்தில் நின்றால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று கண் மருத்துவர் சொன்ன பிறகு இங்கே வந்தார். இங்கேயும் சரிப்படவில்லை என்றால் அவருக்குப் பாரம் ஏற்றும் வேலைதான் மிச்சம். அதற்கு இடுப்பு கேட்காது. இன்னொரு லாட், அதாவது ஒரு தொகுதி முழுக்க, கெட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

சோதனை மேசையில் என் மனைவி. ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து, உளி வைத்து அடித்துப் பிரிப்பாள். நல்ல ஒட்டு என்றால் ஒட்டு விடாது, அலுமினியம்தான் கிழியும். கிழிந்தது இரும்பின் மேல் வட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பட்டன் என்று பெயர். பட்டன் வந்தால் பச்சை மை. வராவிட்டால் சிவப்பு, லாட் முழுக்கக் கழிவுக்கு.

அக்கா புருஷன் ஒட்டுகிறார், மச்சினி உடைக்கிறாள். வீட்டில் அக்காவிடம் வாங்குவது பத்தாமல் இங்கே தங்கச்சியிடமும் அடி வாங்குகிறார் என்று பட்டறையில் பேச்சு. அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

4

(இங்கே சூப்பர்வைசரை ஒரு கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, எடுத்துவிட்டேன். மனிதர் நல்லவர். நல்லவராக இருந்ததால்தான், அனுபவஸ்தர் என்று நம்பி, இயந்திரத்தின் நேரத்தை மாற்றும் சாவியைச் சகலையிடமே கொடுத்துவைத்தார்.)

சகலைக்கு அந்த ஒட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் என்னிடம் சொன்னார்: "அந்த முனை, துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போயிடுது சகலை. சூடு உள்ள இறங்க வேணாமா?"

அவருடைய பழைய வேலையில் அது சரி. அங்கே சூடு குறைந்தால் ஒட்டு மேலோடு நின்றுவிடும், யாரோ ஒருவர் தலையில் விழும். அந்தப் பயத்தில் சாவியைப் போட்டு, முனை நிற்கும் நேரத்தைக் கூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. சோம்பேறியால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, அக்கறை இருப்பவன்தான் செய்வான். குழிகள் முன்னைவிட வழவழவென்று வந்தன. அவருக்குத் திருப்தி.

மேசையில் முதல் அடிக்கே பிரிந்தது. பட்டன் இல்லை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இல்லை. இரும்பு வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அவை பேட்டரி வண்டிகளின் இருக்கைக்கு அடியில், கனத்தைத் தாங்கப்போகும் தட்டுகள்.

5

முடிவு அ: பச்சை மை. சகலையை ஓரமாகக் கூப்பிட்டு நேரத்தைக் குறைக்கச் சொல்கிறாள்.

"அந்த வண்டில நம்ம பிள்ளைய ஏத்துவீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

முடிவு ஆ: சிவப்பு மை. சகலை பாரம் ஏற்றப் போகிறார். அக்கா போனை எடுப்பதில்லை.

அதைப் படித்துவிட்டு அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

முடிவு இ: சகலையே வந்து, தன் தப்பை ஒப்புக்கொண்டு, சிவப்பு மையைத் தன் கையால்—

"மாமாவா? சாம்பார்ல உப்பு கூடிப்போனாலே தான் போட்டதுன்னு ஒத்துக்க மாட்டாரு, இதுல வந்து," என்று தொடங்கி, சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். முகம் கழுவிவிட்டு வந்து சொன்னாள். எழுதக் கூடாது என்றும் சொன்னாள். "எழுதினா படிக்கிறவங்க என்னை நல்லவள்னோ கெட்டவள்னோ சொல்லிட்டு மூடி வச்சிருவாங்க. வந்து அந்த இடத்துல நிக்கட்டுமே."

6

ஆகவே நில்லுங்கள். சரக்கு ஏற்றும் கதவு திறந்திருக்கிறது, லாரி பின்பக்கமாக வந்து நிற்கிறது. ஏற்றுபவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு உங்கள் மை எந்த நிறம் என்று பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் தூரத்தில், முதுகைக் காட்டியபடி போனில் பேசுகிறார். உங்கள் கையில் இரண்டு துண்டுகள்.

இயந்திரத்திலிருந்து என் சகலை வருகிறார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே வருகிறார். உங்கள் கையில் இருப்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"என்னம்மா, இந்தத் தடவ உளியே மழுங்கியிருக்குமே," என்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நீங்கள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பது உங்கள் பாடு, நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்று மட்டும். முதல் வார்த்தை 'மாமா' என்றுதான் இருக்க வேண்டும். அவளுக்கும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருந்தது.