கூடுதலாக ஊற்றிய நைட்ரோ

தையல் போட்டு முடித்த டாக்டர், ஆள்காட்டி விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டது, இனி முழுதாக மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வினோத் தலையாட்டினான். பக்கத்தில் எட்வின் நின்றான்.

வினோத்துக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. ஓடுகிற மிஷினில் இழை அறுந்தால் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் திருகி ஒட்ட வேண்டும். அந்த விரல்தான் சோறு. ஞாயிறுதோறும் பறக்கவிடும் மாடல் ஏரோப்ளேனின் இஞ்சினையும் அவன் அந்த விரலால்தான் தட்டி ஸ்டார்ட் செய்வான். மற்றவர்கள் குச்சியால் அதன் முன்விசிறியைத் தட்டுவார்கள். "அறுந்த இழையவே பிடிக்கிற விரலு, இதுக்குப் பயப்படுமாக்கும்?" என்பான்.

எட்வின் அதே மில்லில் ஃபிட்டர். வினோத்தின் மனைவி ஜாஸ்மினுக்கு அண்ணன். இஞ்சினுக்கு மெத்தனால், ஆமணக்கெண்ணெய், வேகம் கூட்டக் கொஞ்சம் நைட்ரோமீத்தேன் என்று கலந்து கொடுப்பது அவன் வேலை. போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்ப் பொட்டலில் போட்டிக்கு வந்த ஹரிப்ரசாத்தின் ப்ளேன் இவர்களுடையதை முந்திப் போனது. "என்ன, பால்கோவாவ ஊட்டிப் பறக்க விட்டியளா?" என்று அவன் கேட்டதை எட்வினால் செரிக்க முடியவில்லை. இந்த வாரம் நைட்ரோவை மூன்று பங்காக்கினான்.

அப்படிக் கூட்டினால் இஞ்சினுக்குள் எரிபொருள் முந்திக்கொண்டு வெடித்து விசிறியைத் திருப்பி அடிக்கும். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இன்னொரு வாஷர் போட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஃபிட்டருக்கு இது தெரியாதா? ஆனால் ஹெட்டைக் கழற்றினால் வினோத் எதற்கென்று கேட்பான், வேண்டாமென்பான். எட்வின் கழற்றவில்லை. இன்று காலை விசிறி வினோத்தின் விரலைத் திருப்பி அடித்தது.

"மச்சான்," வினோத் கூப்பிட்டான். "ஜாஸ்மின் வந்தா, குச்சி வச்சுத்தான் தட்டுனேன், வழுக்கிட்டுன்னு சொல்லிரு. விரல வைக்காதியன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. என் திமிருக்கு வேணும்."

தப்பித்தோம் என்று எட்வினுக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"மாப்ள, நைட்ரோவக் கூட்டிட்டேன். மூணு பங்கு."

வினோத் கைக்கட்டைப் பார்த்தான். "வாஷரு?"

"போடல."

"ஏலே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா குச்சிய எடுத்திருப்பேனேலே."

மச்சான் என்பதைத் தவிர வேறு சொல்லால் அவன் இதுவரை கூப்பிட்டதில்லை.

ஜாஸ்மின் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். "நல்ல வேள, நீ கூட இருந்தண்ணே. இல்லாட்டி இவிய பொட்டல்லயே கெடந்திருப்பாவ."

வினோத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஜாஸ்மின், செத்த நேரம் உக்காரு."

"நிக்கேன். சொல்லு."

எட்வின் சொன்னான். வாஷரையும் விடாமல் சொன்னான். ஜாஸ்மின் கட்டிலில் உட்கார்ந்து புருஷனின் மற்றக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் மருந்துச் சீட்டோடு வந்து, "இவருக்குக் கூட யாரு?" என்றாள்.

எட்வின் கையை நீட்டினான். ஜாஸ்மின் எழுந்து அவனுக்கு முன்னால் வந்து சீட்டை வாங்கிக்கொண்டாள்.