பதினஞ்சு நாப்பது

மகள் சைத்ராவின் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான்களைத் தானே லாரி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கப் போவதாகக் கனகம் சொன்னபோது, சம்பந்தி வீட்டில் யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை சசிதர் கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேலாளர். தோட்டத்துப் பங்களா புல்வெளியில்தான் கல்யாணம் என்று சைத்ரா ஒரே பிடிவாதம். மெயின் ரோட்டிலிருந்து பங்களாவுக்கு இரண்டு கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். வாடகை லாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

கனகத்துக்கு அந்தக் கவலை இல்லை. துடியலூரில் இருபது வருஷமாகப் பந்தல் தொழில் நடத்துகிறவள் அவள். போன ஆண்டு ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்திருந்தாள். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஊரில் ஓடுகிற லாரியெல்லாம் டீசல் என்பதால், பங்கில் நிறுத்தினால் பையன்கள் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பெட்ரோல் குழாயை எடுப்பார்கள். அந்த இன்ஜினை கோவை உக்கடத்து மெக்கானிக் அப்துல் நாசர் முழுக்கப் பிரித்து, பேரிங், பிஸ்டன் எல்லாம் மாற்றி, புதிதுபோல் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது வேலை முடிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. எந்த ஆயில் ஊற்றுவது? ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு எண்களில் முன்னது குளிரில் அது எவ்வளவு கெட்டி என்பதையும், பின்னது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதையும் சொல்லும்.

"இருபது அம்பதுதானுங்க அம்மணி," என்றார் நாசர். "நல்ல கெட்டி ஆயிலு. லோடு ஏத்திட்டு மலை ஏறோணும். சூட்டுல தண்ணி மாதிரி ஆகிப்போச்சுன்னா பேரிங்கு என்னத்துக்கு ஆகும்?"

கனகத்தின் கணவர் கண்ணையா பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரியோடு வந்த ராணுவக் கையேட்டை மூன்று முறை படித்து முடித்திருந்தார்.

"புஸ்தகத்துல அவ்வளவு கெட்டியா எங்கயும் போடச் சொல்லலீங்க பாய். பத்து முப்பது போதும். கோத்தகிரியில விடியக்காலம் குளிர் எப்படியிருக்கும்னு தெரியுமில்லங்க?"

"புஸ்தகமா வண்டி ஓட்டுது?"

கண்ணையாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்குத் தாவிவிடும். தாவியது. நாசருக்கு அதில் பாதி புரியாது என்றாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியாகப் பதில் சொன்னார். இருவரும் இருபத்தைந்து வருஷச் சிநேகிதர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"ஏனுங்க, ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் கனகம். "ஓட்டப்போறது நானு. சாமான் மூணு நடையாப் போகுது. மொத நடைக்கு பாய் சொல்றது. ஊத்துங்க."

முதல் நடை ஏற்றத்தில் லாரி அருமையாக ஓடியது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை தொடங்கியதும் வெயிலும் சுமையும் சேர்ந்து இன்ஜினைக் கொதிக்க வைத்தன. ஆயில் பிரஷர் காட்டும் முள் மட்டும் கீழே இறங்கவில்லை. கம்பங்களையும் தகரங்களையும் இறக்கிவிட்டுக் கணவனும் மனைவியும் பங்களாவில் தங்கினார்கள். காலையில் புல் எல்லாம் வெள்ளைப் பனி. கனகம் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முனகிக்கொண்டு மெள்ளச் சுற்றியது, நின்றது. மறுபடி திருப்பினாள். நாலாவது முறைதான் பிடித்தது. பிடித்ததும் டக டக டகவென்று ஒரு சத்தம். முள் எழும்பவே இல்லை. கண்ணையா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பதினொன்று என்று சொன்ன பிறகுதான் முள் எழுந்தது, சத்தம் அடங்கியது.

"பதினோரு செகண்டு," என்றார் கண்ணையா. "அத்தனை நேரம் மேல் பக்கமெல்லாம் ஆயில் இல்லாம ஒராஞ்சிருக்குது."

குரலில் ஒரு சின்ன வெற்றி இருந்தது. கனகம் கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிட்டாள்.

இரண்டாவது நடைக்குப் பத்து முப்பது. அன்றைக்கு நாற்காலிகளும் சமையல் பாத்திரங்களும் ஏற்றியதில் முதல் நடையைவிடப் பாரம் அதிகம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஒன்று திரும்ப முடியாமல் நிற்க, பின்னால் வண்டிகள் எல்லாம் நின்றன. லாரி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முள் மெல்லச் சரிய ஆரம்பித்தது. பாதி. அதற்கும் கீழே. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் கனகம் சட்டென்று இன்ஜினை அணைத்தாள். புதிதாகக் கட்டிய இன்ஜின். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்.

சூடு ஆறட்டும் என்று இருவரும் சாலையோரம் உட்கார்ந்து ஒரு கேரட் கட்டு வாங்கித் தின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக ஏறி, சாமானை இறக்கி, அந்தி சாய்வதற்குள் திரும்பினார்கள்.

மறுநாள் பட்டறையில் நாசர் சிரிப்பார் என்று கனகம் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது.

"என் வேலையில நம்பிக்கை இல்லாமத்தான மேஸ்திரி நான் சொன்ன ஆயில வேண்டாம்னாரு?"

கண்ணையா திகைத்துப் போனார். "என்ன பாய் பேசறீங்க? உங்க வேலைய நம்பித்தான சன்ன ஆயில் போதும்னேன்! தேஞ்ச இன்ஜினுக்குத்தான் கெட்டி வேணும். நீங்க பேரிங்குக்கு விட்ட இடைவெளி தலைமுடி கனம்கூட இல்லீங்க. அத்தனை சன்னமான வேலைக்குள்ள குளிருல அந்தக் கெட்டி ஆயில் எப்படிப் போகும்? கோயமுத்தூர்ல வேற எவன் இப்படிக் கட்டுவான்?"

நாசர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையே இந்த மனிதர் என்று கனகத்துக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்புறம் ஏன் பாய் முள்ளு சரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஆயில் பம்புங்க அம்மணி. அது ஒண்ணுக்குத்தான் புதுசு கெடைக்கல, பழசையே மாட்டிப்போட்டேன். சூட்டுல ஆயில் ரொம்ப இளகிப்போனா அது தள்ளாது."

கனகம் யோசித்தாள். இருபது ஐம்பது குளிரில் முரண்டு பிடித்தது. பத்து முப்பது சூட்டில் கைவிட்டது. அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களைப் பார்த்தாள். நடுத்தட்டில் இருந்து ஒன்றை இறக்கினாள்.

"பதினஞ்சு நாப்பது."

"அது டீசல் லாரி ஆயிலு!" என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

கனகம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். "சி-ன்னு தொடங்குற எழுத்து டீசலுக்கு. எஸ்-ன்னு தொடங்குறது பெட்ரோலுக்கு. இதுல ரெண்டும் போட்டிருக்குது. பாருங்க."

நாசர் வாங்கிப் படித்தார். கண்ணையா அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். பிறகு இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஊத்துங்க," என்றாள்.

கடைசி நடை கல்யாணத்துக்கு முந்தின நாள். நாசரும் அவர் மனைவி ஹபீபுன்னிசாவும்கூட லாரியிலேயே வந்தார்கள். ஏற்றத்தில் வேண்டுமென்றே ஒரு வளைவில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாள் கனகம். முள் கொஞ்சம் இறங்கியது, சிவப்புக்கு மேலேயே நின்றுகொண்டது. அன்றிரவு எதிர்பாராமல் மழை கொட்டியது.

விடிந்தபோது சைத்ரா பாதி அலங்காரத்தோடு ஓடி வந்தாள். "அம்மா, சொந்தக்காரங்க வந்த பஸ் மெயின் ரோட்டுலயே நிக்குதாம்! சேத்துல ஏறாதுங்கறாங்க. எழுபது பேரும்மா. ஐயரும் அதுலதான் இருக்காரு!"

முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கனகம் பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். கண்ணாடியெல்லாம் பனி. சாவியைத் திருப்பினாள். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. கீழே நின்ற கண்ணையா கடிகாரத்தைப் பார்த்து "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குள் முள் எழுந்துவிட்டது.

"மூணே இல்லைங்க மேஸ்திரி!" என்று நாசர் கத்தினார்.

சேற்றில் நான்கு சக்கரமும் கடித்துக்கொண்டு இறங்கின. முதல் நடையில் ஐயர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் இருபத்தைந்து பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நடை. கடைசி நடையில் மாப்பிள்ளையின் பெரியப்பா கோவிந்தராஜுலு வந்தார். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக லாரியின் பின்பக்கம் ஏறமாட்டேன் என்று அரைமணி அடம் பிடித்தவர். நாசரும் கண்ணையாவும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். செங்குத்தான இடத்தில் லாரி ஒருமுறை வழுக்கி, மறுபடி பிடித்து, உறுமிக்கொண்டு ஏறியபோது பின்னாலிருந்து கூட்டமாக ஒரு "ஓ!" எழுந்தது. அதில் உரத்த குரல் பெரியப்பாவுடையது.

தாலி கட்டும்போது கனகத்தின் புடவைக் கரையில் முழங்கால்வரை செம்மண். யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்லவில்லை. சைத்ரா மட்டும் மணமேடையிலிருந்து அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். கனகத்துக்கு அழுகை வந்தது. ஹபீபுன்னிசா கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெயில் ஏறியது. கனகம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது கோவிந்தராஜுலு பெரியப்பா அருகில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா… பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களே. அந்த மேல் தோட்டம் வரைக்கும் ஒரு ரவுண்டு போவலாங்களா? இந்த வாட்டி முன்னாடி உக்காந்துக்கறேன்."

அவருக்குப் பின்னால் குழந்தைகளும் பெண்களும் மாப்பிள்ளையின் நண்பர்களுமாக ஏற்கெனவே ஒரு வரிசை நின்றிருந்தது. கனகம் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, வாங்க. எல்லாரும் ஏறுங்க!"

பச்சைத் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, பட்டும் பூவும் சத்தமுமாக அந்தப் பெட்ரோல் லாரி மேலே ஏறிப்போனது.