பதினேழாம் விடைத்தாள்

மூளையின் எந்தப் பாதியை ஒருவர் அதிகம் நம்புகிறார் என்று பார்க்கும் வெளிநாட்டுத் தேர்வு அது. தமிழாக்கியது நான். அதே ஆட்களிடம் மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுத்தால் விடைகள் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் என் மொழிபெயர்ப்பு செல்லும்.

இரண்டாம் சுற்றில் பதினேழாம் தாள் மட்டும் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்கம் ஒரு வாக்கியம், வலப்பக்கம் ஒரு வாக்கியம்; ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். சென்ற முறை இரண்டு பக்கமும் மாறி மாறி விழுந்திருந்த டிக்குகள் இப்போது நாற்பதும் வலப்பக்கமே.

"ஏனோதானோன்னு அடிச்சிருக்காங்க. கழிச்சிடும்மா, கணக்கு சரியாயிடும்," என்றார் பேராசிரியர். விதியும் அதுதான். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

பதினேழு என் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எதையும் ஏனோதானோவென்று செய்யத் தெரியாதவள். இன்று காலை அவள் எழுதியதை, வேலைக்குப் போகிற வழியில் அத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தாளின் இடது மூலையில் தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். வீடியோவில் கூப்பிட்டேன்.

"என்னடி, பாஸா ஃபெயிலா? எனக்கு மூளை இருக்குன்னாவது தெரிஞ்சுதா?"

குரல் தெளிவாக இருந்தது. சிரிப்பும் அவளுடையதுதான். ஆனால் தலை வலப்பக்கம் மட்டும் வாரியிருந்தது. இடப்பக்கம் தூங்கி எழுந்தபடியே கலைந்து கிடந்தது.

"அக்கா, இடது கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கேன்."

"இதோ, தூக்கிட்டேன் பாரு."

கை மடியில் அப்படியே கிடந்தது.

பேராசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டு, பக்கவாதம் என்று சொல்லி, நான் எழுதிக் காட்டிய அக்காவின் முகவரியைப் படித்தார்.

"கதவு பூட்டியிருக்கா அக்கா?"

"உங்க அத்தான் என்னைக்குப் பூட்டிட்டுப் போயிருக்கார்? திறந்துதான் கிடக்கும்."

"எழுந்திருக்காதே. என்கிட்ட பேசிக்கிட்டே இரு."

"அதுக்கென்ன, பேசச் சொல்லியா தரணும்?"

பேசினாள். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. அவளுக்கு இடப்பக்கமிருந்த கதவு திறந்தது. நீலச் சட்டைக்காரர்கள் இருவர் உள்ளே வந்து, அவள் தோளருகே குனிந்தார்கள்.

"அக்கா, ஆள் வந்தாச்சு. அவங்க சொல்றதைக் கேளு."

அவள் வலப்பக்கம் திரும்பி அறை முழுக்கத் தேடினாள்.

"யாருடி? ஒருத்தரும் இல்லையே," என்று சிரித்தாள்.