முத்துவேல் துவைத்த சாக்கு

செல்வலட்சுமிக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. கிழிந்த சணல் சாக்கைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை மின்முனையில் பூசி அவள் செய்த மின்தேக்கி, முதல் தடவை கிராமுக்கு இருநூற்று எண்பது ஃபாரட் காட்டியது. கரியில் நானோ துளைகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மின்சாரம் தங்கும். குதித்துக்கொண்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டாள். இதழ்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லிவிட்டார்கள். மூன்று முறை செய்தும் பாழாய்ப்போன எண் தொண்ணூறைத் தாண்டவில்லை.

வழிகாட்டி ஸாதனா மேடம் பாலக்காட்டுக்காரர், திட்டத் தெரியாதவர். அதுதான் கொடுமை.

"நீ பொய் எழுதினேன்னு நான் சொல்லலை. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த எண் வரலேன்னா பேப்பரைத் திருப்பி வாங்கிண்டுடலாம்."

சொல்லவில்லை என்று சொன்னதே குத்தியது. கட்டுரை போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடு எந்த ஆய்வகத்தில் போய் நிற்பது?

திங்கட்கிழமை காலை இன்னொரு சாக்கு வாங்கக் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போனாள். அங்கே ஒரு சுக்குக் கிடங்கில்தான் அவள் அப்பா முத்துவேல் சுமை தூக்குகிறார். அன்று வேலியேற்றம். கடல் பொங்கி, காயல் தண்ணீர் தெருவில் கணுக்கால் அளவு நின்றது. உள்ளே வராமலிருக்கக் கதவடியில் பழஞ்சாக்குகளை அடைத்திருந்தார்கள்.

"வா தாயி, ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்று பரண்மேலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். சோப்பு மணத்தது.

"என்னப்பா இது, இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"பின்னே? மொதல்ல குடுத்தது இந்தக் கதவடியில கெடந்தது, வருசம் பூரா உப்புத்தண்ணியில ஊறுனது. படிப்புக்குப் போற சாமானாச்சே, மனசு கேக்கல. அப்புறம் குடுத்ததெல்லாம் சோப்புப் போட்டு அலசி, மூணு நாள் காயவச்சுத்தான் குடுத்தேன்."

செல்வலட்சுமி தண்ணீரிலேயே நின்றுவிட்டாள். உப்பு! நாருக்குள் உப்புமணிகள் இருக்கும்போது சுட்டால், கரி அவற்றைச் சுற்றித்தான் உருவாகும். பிறகு கரியைக் கழுவும்போது உப்பு கரைந்து போய், இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். அந்த உப்பைத்தான் அப்பா பாசமாகத் துவைத்துத் துரத்தியிருக்கிறார்.

குனிந்து கதவடிச் சாக்கு ஒன்றை உருவினாள். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது.

"எடீ, வெள்ளம் கேறும்!" என்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் கிடங்கு மேஸ்திரி மலையாளத்தில் கத்தினார். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

வியாழன் மதியம் கணினித் திரையில் எண் வந்தது. இருநூற்று எழுபத்து நாலு. செல்வலட்சுமி வெட்கமில்லாமல் உரக்க அழுதாள். ஓடிவந்த ஸாதனா மேடம் திரையைப் பார்த்தார், உப்புக் கதையைக் கேட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், செல்வலட்சுமி. மன்னிச்சுக்கோ."

உடனே அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப ஒரு மாசமா நீ அழுதது நான் தொவச்சதாலயா?"

"ஆமாப்பா" என்று சிரித்தாள்.

"ஆத்தாடி! உங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத தாயி."