விசாவுக்கு ஒரு சாவு

ரோமி கோச்சர் கட்டைவிரலை நாக்கில் நனைத்துத்தான் தாளைப் புரட்டுவான். மோகா பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அவனுடைய விசா ஏஜென்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, தன் சான்றிதழ்களில் ஒவ்வொன்றாக அந்த எச்சில் பதிவதை நிர்லேப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா முக்தியார் சிங், கை கூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீஷ் பரீட்சையில ஒம்பதுக்கு ஏழரையா! சர்தார்ஜி, உங்க பொண்ணு தங்கம்" என்றான் கோச்சர். அடுத்த தாளில் அவன் விரல் நின்றது. "ஆனா இங்க ரெண்டு வருஷம் ஓட்டையா இருக்கே. பன்னெண்டாவது முடிச்சிட்டு என்னம்மா பண்ணினே?"

"வீட்ல இருந்தேன். எருமைங்களப் பாத்துக்கிட்டேன்."

"ஏன், மேல படிக்கலையா?"

நிர்லேப் அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுச் சூழ்நிலைங்க" என்றார்.

சூழ்நிலை வேறொன்றுமில்லை. லூதியானா நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்த அதே மாதத்தில்தான் அண்ணன் குர்சேவக் கனடா போகக் கிளம்பினான். இருந்ததெல்லாம் அவனுக்கே போயிற்று. 'ஆம்பளப் பிள்ளை முதல்ல போகட்டும்' என்று முக்தியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மறுநாள் காலையில் நிர்லேப் கையில் புல் வெட்டும் அரிவாள் இருந்தது. இப்போது பிராம்ப்டனில் லாரி ஓட்டும் அண்ணன், 'அவளையும் அனுப்புங்க, வாடகையில பாதி அவ குடுப்பா' என்று சொன்ன பிறகுதான் அவளுடைய படிப்பு வீட்டில் மறுபடி பேச்சுக்கு வந்தது.

"எருமை மேய்ச்சேன்னு எழுதினா, அங்க உக்காந்திருக்கற அதிகாரி சிரிச்சிட்டு மூடி வெச்சிடுவான்" என்றான் கோச்சர், சோம்பை மென்றபடி. "படிக்கறவன் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு காரணம் வேணும். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"போயிட்டாங்கன்னு வெச்சுக்குவோம்."

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதுபோல அதைச் சொன்னான்.

"கேன்சர். ரெண்டு வருஷம் பொண்ணு கூடவே இருந்து பாத்துக்கிட்டா. அம்மாவோட கடைசி ஆசை, மக நர்ஸ் ஆகணும். அம்சமா உக்காருது பாருங்க! ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், எல்லாம் நம்ம பொறுப்பு."

"உண்மையையே எழுதினா என்ன?" என்றாள் நிர்லேப்.

"எதும்மா உண்மை?" அப்பா கேட்டார்.

"அண்ணனை அனுப்பறதுக்காக என் படிப்பை நிறுத்தினீங்கன்னு."

தலைப்பாகைக்குக் கீழே அவர் முகம் சிவந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் வெடித்தார். "வெள்ளைக்காரன் முன்னாடி என் மானத்தை வாங்கப் பாக்கறியா? பொண்ணு படிப்பைக் கெடுத்தவன்னு என்னைப் பத்தி எழுதுவியா?"

மனைவி செத்துப்போனதாக எழுதுவதில் அவருக்கு எந்த மானக்கேடும் இல்லை.

வீட்டில் அம்மா ஹர்பன்ஸ் கௌர் பால் கறந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "காகிதத்துலதானே சாகறேன்? செத்துட்டுப் போறேன். உனக்கு நல்லது நடந்தா சரி." அண்ணன் போனில் அதற்கும் ஒரு படி மேலே போனான். "அடியே, இங்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு யாராவது செத்திருக்காங்கடி. பெரிய அரிச்சந்திரன் மாதிரி பேசாதே."

அம்மாவே சம்மதித்த பிறகு நிர்லேப்பும் இணங்கினாள். அவளுக்கும் போகவேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்தாலே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

சான்றிதழ் மட்டும் போதாது, துக்கம் நடந்ததற்குப் படம் வேண்டும் என்றான் கோச்சர். அந்த ஞாயிற்றுக்கிழமை காமிராக்காரனோடு அவனே வந்து இறங்கினான். முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்தார்கள். அம்மா திருமணத்துக்குப் போவதுபோலத் தலைவாரி, பட்டுத் துப்பட்டா போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். "குரு கிரந்த சாகிப் நூலை மட்டும் கொண்டுவர வேண்டாம், பாவம் வந்து சேரும்" என்றார் அப்பா. மற்றதெல்லாம் பாவக்கணக்கில் வராதுபோலும். ஜீத்தோ அத்தை வெள்ளை உடுத்தி வந்து, காமிரா திரும்பியபோதெல்லாம் மூக்கைச் சிந்தினாள். "அழுடீ, மரம் மாதிரி உக்காந்திருக்கியே!" என்று இடையில் நிர்லேப்பின் தொடையில் கிள்ளினாள்.

செத்தவள் அடுக்களையில் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளைத் துணியைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டு பஜன் கௌர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். படத்தைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு கீழே சரிந்தாள். "ஐயோ ஹர்பன்ஸு! நேத்துக்கூட எனக்கு மோர் குடுத்தியேடி! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடி!"

அந்த அழுகை நிஜம். முற்றத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா கையில் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்து, "அழாதே பஜனோ, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். நிமிர்ந்து பார்த்த பஜன் கௌர் வீறிட்டாள். விஷயம் புரிய அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. புரிந்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள்.

கோச்சர் காமிராத் திரையைப் பார்த்துக் குதூகலித்தான். "பிரமாதம்! அந்தம்மா அழறது அப்படியே விழுந்திருக்கு. காசு குடுத்தாலும் இப்படிக் கிடைக்காது. சர்தார்ஜி, கடைசியா நீங்க ஒண்ணு."

முக்தியார் சிங் படத்தின் முன்னால் உட்கார்ந்தார். உதடு துடித்தது. கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது.

அம்மா அதை வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வற்றியது. "போன வருஷம் டெங்குல பத்து நாள் கிடந்தேன். ஒரு நாள் வந்து எட்டிப் பாக்கல, இந்த மனுஷன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

நிர்லேப் எழுந்தாள். படத்திலிருந்த மாலையை உருவிக்கொண்டு போய் எருமைத் தொட்டியில் போட்டாள். எருமை மோந்துபார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது.

"என் சான்றிதழை எல்லாம் குடுங்க" என்று கோச்சர் முன்னால் கையை நீட்டினாள்.

"பைத்தியமா? நீயா போட்டா கிடைக்காதும்மா."

"குடுத்துடுப்பா" என்றாள் அம்மா. "என்னைக் கொன்னது போதும்."

நிர்லேப் தானே விண்ணப்பித்தாள். அண்ணனுக்காகப் படிப்பு நின்றதையும், எருமை பார்த்ததையும், அடுப்படியில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்ததையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். ஆறு வாரத்தில் பதில் வந்தது. படிப்பு முடிந்து ஊர் திரும்புவாள் என்ற நம்பிக்கை இல்லையாம், மறுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா அதைக் கொண்டாடினார். "சொன்ன பேச்சைக் கேட்டு உங்கம்மா செத்திருந்தா, இந்நேரம் விமானத்துல உக்காந்திருப்பே."

அவர் தட்டில் ரொட்டி வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வைத்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்ப செத்தவ சுட்ட ரொட்டி உங்களுக்கு எதுக்கு?" என்றாள். அன்று அவர் ஊறுகாயை நக்கிவிட்டுப் படுத்தார்.

அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து நிர்லேப்பை மோகாவிலேயே நர்சிங்கில் சேர்த்தாள். படித்துக்கொண்டே அவள் மறுபடி விண்ணப்பித்தாள். அதே கதை, அதே உண்மை. இந்த முறை விசா வந்தது. ஏன் வந்தது, முன்பு ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

கிளம்பும் நாளில், டில்லி விமான நிலையத்துக்குப் போகும் கார் பேருந்து நிலையத்தைக் கடந்தபோது நிர்லேப் நிமிர்ந்து பார்த்தாள். கோச்சர் அலுவலகத்தின் நெற்றியில் ஆளுயரத்தில் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. 'கனடா விசா பெற்ற எங்கள் மாணவி நிர்லேப் கௌருக்கு வாழ்த்துகள்!'

"போட்டோ யார் குடுத்தது?"

"கேட்டான், குடுத்தேன்" என்றார் முன்சீட்டில் அப்பா. "ஊருக்குத் தெரியட்டுமே. நமக்குப் பெருமைதானே?"

அவள் காரை நிறுத்தச் சொல்லி மாடியேறினாள். உள்ளே நாற்காலி முழுக்கப் பிள்ளைகளும் பெற்றவர்களும். கோச்சர் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். "வாம்மா, வா! எல்லாரும் பாருங்க, நம்ம பொண்ணு!"

"இவர் எனக்கு விசா வாங்கித் தரல" என்றாள் நிர்லேப், எல்லாருக்கும் கேட்கும்படி. "உயிரோட இருக்கற எங்கம்மா செத்துட்டாங்கன்னு எழுதச் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். உண்மையை எழுதித்தான் எனக்குக் கிடைச்சுது. பேனரைக் கழட்டச் சொல்லுங்க."

முன்வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், நிர்லேப்பைத் தாண்டி கோச்சரிடம் குனிந்தாள்.

"ஏன் ஜி, அம்மா செத்ததா எழுதினா சீக்கிரம் கிடைக்குமா?" என்று கேட்டாள், ஆர்வமாக.

நிர்லேப் படியிறங்கி வந்து காரில் ஏறினாள். "என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டாள். நிர்லேப் கண்ணாடியை இறக்கிவிட்டு, டில்லி வரும்வரை வெளிக்காற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.