பால் காய்ச்சாத கொட்டில்

தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையிலிருந்து ஆவணிவரை வன்னி ஜெயபுரத்தில், போரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாகேஸ்வரியின் அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. விறகில் குறையில்லை, பாலைமரம், முதிரைமரம் என்று எதை வைத்தாலும் எரிந்து சாம்பலானது. பானையின் அடி கரிபிடித்தது. உள்ளே தண்ணீர் மட்டும் கிணற்றுக் குளிரோடு அப்படியே கிடந்தது. அரிசி ஊறியதே தவிர வேகவில்லை. பிழை பானையில்தான் என்று புருஷன் கனகலிங்கம் பூநகரிவரை சைக்கிள் மிதித்துப் புதுப்பானை வாங்கி வந்தான். பாவம், அதுவும் அப்படித்தான்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? யாழ்ப்பாணத்துக்காரிக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்று சிரித்தார்கள். பக்கத்து வளவுச் சுப்பம்மா சிரிக்கவில்லை. அவளும் புருஷன் வீரையாவும் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டியவர்கள். தினமும் ஒரு சட்டி சோறு கொண்டுவந்து வைத்தாள். தோட்டத்து ஆட்கள் சமைத்ததைத் தொடுவதா என்று முதல் கிழமை நாகேஸ்வரி அதை வேலிக்குப் பின்னால் கொட்டினாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இவளுக்கு ஒன்பதுதான் பறந்தது. சோற்றைத் தின்றாள், சொல்லைக் கேட்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். குடிபுகுந்த அன்று பால் காய்ச்சிப் பொங்கவிடாத ஓலைக் கொட்டில் அது.

"நாங்க வந்தப்பவும் இப்படித்தான் கெடந்தோம். பாலைக் காய்ச்சிப்புடுங்கம்மா" என்றாள் சுப்பம்மா.

"பால் காய்ச்சிறதெண்டா வீட்டிலதான் சுப்பம்மா. இது கொட்டில். இஞ்சை காய்ச்சினா கோண்டாவில் வீடு எங்களை விட்டுப் போயிடும்."

அது யாழ்ப்பாணத்தில் தாய் அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. அவள் பிறந்ததும் அங்கேதான். கனகலிங்கம் கெஞ்சிப் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அசையவில்லை.

ஆவணியில் மூன்று வயது மகள் கௌசலாவின் உடம்பு குளிரத் தொடங்கியது. மலேரியா என்று குளிசை கொடுத்தார்கள். சுப்பம்மா தன் வீட்டில் கிடத்தி நெருப்புக் காட்டினாள். சூடு ஏறவில்லை. பானைத் தண்ணீரின் அதே குளிர், பாதத்திலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து வயிற்றுக்கு. நெஞ்சைத் தொட முன்னர் நாகேஸ்வரி எழும்பி, "அக்கா, கொஞ்சம் பால் தாங்கோ" என்றாள். முதல் தடவையாக அக்கா என்றாள்.

சுப்பம்மா வெள்ளாட்டில் கறந்து கொடுத்தாள். கொட்டிலில் பால் காய்ந்து, பொங்கி, யாழ்ப்பாணம் இருக்கும் வடக்குப் பக்கமாக வழிந்தது. நாகேஸ்வரி வாய்விட்டு அழுதாள். மத்தியானம் பிள்ளை வியர்த்து, சோறு கேட்டது.

அடுத்த மாரிக்கு வீரையா தன் வயலில் ஒரு துண்டை விதைக்க விட்டான். கனகலிங்கம் வரம்பு கட்டப் பழகினான். நாகேஸ்வரி சுப்பம்மாவோடு கூடி நாற்று நட்டாள். ஆனால் அதிகம் பேசுவதில்லை. தொண்ணூற்றொன்பதில் அவளுடைய தமையன் தங்கராசா வள்ளமேறி வந்து சேர்ந்தான். வந்தவன் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்து, கடைசியில் சொன்னான். கோண்டாவில் வீடு இல்லை. குண்டுபடவில்லை, இடியவில்லை. கிணறு இருக்கிறது, மாமரம் நிற்கிறது, நடுவில் அத்திவாரத்தின் அடையாளம்கூட இல்லாமல் புல். தொண்ணூற்றாறு ஆவணியில் ஒரு காலை அது இருந்ததாம், மத்தியானம் இல்லையாம்.

"தெரியும் அண்ணை" என்றாள் நாகேஸ்வரி. "நான்தான் காய்ச்சினனான்."

பிறகு அவனுக்குத் தேத்தண்ணி போடத் தண்ணீர் வைத்தாள். அது கொதித்தது.